ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடலாமா?

“ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுகிறான்” என்று நாட்டிலே ஒரு பேச்சு உண்டு. வேறு ஊர்க்காரன் சொன்னால் அது பழமொழி. விருத்தாசலத்துக்காரன் சொன்னால் அது ஊர்க்கதை. சுந்தரர் திருமுதுகுன்றத்திலே பன்னிரண்டாயிரம் பொன் பெற்றாராம். அதைக் கொண்டுபோய் நம் மணிமுத்தாற்றிலே போட்டாராம். போட்ட பொன்னைத் திருவாரூர்க் கமலாலயக் குளத்திலே இறங்கி எடுத்தாராம். நம்புகிறவர் நம்பட்டும். நாம் அந்தப் பொன்னைத் தேடப் போவதில்லை. ஆனால், பொன்னைவிடப் பெரிய பொருள் ஒன்று இந்த வட்டாரத்து ஆற்றிலே போடப்பட்டிருக்கிறது. இன்று அதை எவரெவரோ காவிரிக் கரையிலே எடுத்து, விலைச்சீட்டு ஒட்டி, நம்மிடமே காட்டுகிறார்கள். அந்தப் பொருளின் பெயர் இசை.

எப்படி என்று சொல்கிறேன்.

பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கத்துத் தேநீர்க் கடை. பகல் வேலை முடிந்து, கையிலும் காலிலும் வெள்ளை மண் காயாமல், தோழர்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சூளையிலே வேலை செய்யும் தோழர் ஒருவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அதிலே ஒரு விளம்பரம். தஞ்சையிலே இரண்டு நாள், ஓர் இரவு தங்கல். கோயிலிலே தேவாரம், அரண்மனையிலே உலா, வீணை செய்யும் இடத்திலே ஒரு மணி நேரம், இரவு விருந்தோடு கச்சேரி. ‘இசைப் பாரம்பரியம் காண வாருங்கள்’ என்று அழைப்பு. அடியிலே கட்டணம். தோழரின் பதினைந்து நாள் கூலி!

“பணம் இருக்கிறவங்க பாட்டுக் கேட்கப் போறாங்க அண்ணே! அதுலே நமக்கு என்ன வேலை?” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

சிரிப்பு எனக்கு வரவில்லை. ‘நமக்கு என்ன வேலை?’ என்ற அந்தக் கேள்வியை உழைப்பாளியின் வாயிலே ஊட்டியது யார்? கோயிலுக்குள்ளே வராதே என்று தடுத்தவன் ஒரு காலத்திலே இருந்தான். பள்ளிக்கூடத்துக்குள்ளே வராதே என்று தடுத்தவனும் இருந்தான். அவர்களை எதிர்த்துப் போராடி வாசலைத் திறந்தோம். இசை மன்றத்து வாசலிலே மட்டும் எவனும் தடுக்கவில்லை. நாமே ஒதுங்கி நிற்கிறோம்!

“வருகிற சனிக்கிழமை புறப்படு. நாமும் போவோம். அந்தக் கட்டணத்திலே பத்தில் ஒரு பங்கும் ஆகாது” என்றேன். ஐந்து பேர் சேர்ந்தோம். போய் வந்தோம். பார்த்ததையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களும் போகவேண்டும் என்பதற்காக.

காது நமக்கு இருக்கிறது

விருத்தாசலம் சந்திப்பிலே விடியற்காலை ரயில் ஏறினோம். அரியலூரிலே இறங்கிப் பஸ் பிடித்தால் திருமானூர், கொள்ளிடப் பாலம், திருவையாறு, தஞ்சை. வழியிலே ஒரு தோழர் கேட்டார்: “சங்கீதம் புரியணும்னா அதுக்கு ஞானம் வேணுமே? நமக்கு ஏது?”

நான் திருப்பிக் கேட்டேன்: “சூளையிலிருந்து இறக்கிய சாமான் நல்லதா, உள்ளே விரிசல் விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய்?”

“தட்டிப் பார்ப்பேன். நல்லதா இருந்தா கணீர்னு கேட்கும். விரிசல் இருந்தா சத்தம் செத்துப் போயிருக்கும்.”

“அதற்குப் பெயர்தான் ஞானம்” என்றேன்.

உண்மையும் அதுதான் தோழர்களே! மயிரிழை விரிசலைக் கண்ணுக்கு முன்னே காதால் கண்டுபிடிக்கிறவனுக்கு, சுருதி சேர்ந்ததும் சேராததும் தெரியாமற் போகுமா? ஜலதரங்கம் என்று ஒரு வாத்தியம் இருக்கிறது. பீங்கான் கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் வேண்டிய அளவு தண்ணீர் ஊற்றி, மெல்லிய குச்சிகளால் விளிம்பிலே தட்டுவார்கள். தண்ணீர் கூடினால் ஒலி தாழும்; குறைந்தால் ஏறும். நம் கையிலே தினமும் புரளும் பீங்கான், அங்கே ஏழு சுரமும் பேசுகிறது! கடம் என்பது என்ன? வெறும் மண்குடம். மானாமதுரையிலே குயவர் அந்த மண்ணைப் பிசைந்து, வனைந்து, சுவர் எங்கும் ஒரே கனம் வரும்வரை பலகையால் தட்டித் தட்டிச் செய்கிறார்கள். அங்கே கடம் செய்யும் பெண்மணி ஒருவருக்குச் சங்கீத நாடக அகாதமி விருதும் கிடைத்திருக்கிறது. கச்சேரி மேடையிலே கடம் வாசித்தவருக்கு விழுகிற கைதட்டலில், மண் பிசைந்தவருக்கும் பங்கு உண்டு என்று ஒரு தடவையாவது அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

திருவையாற்றிலே இரண்டு வாசல்

திருவையாற்றிலே இறங்கினோம். காவிரிக் கரையிலே தியாகராசர் சமாதி. 1767இல் திருவாரூரிலே பிறந்து, இந்த ஊரிலே வாழ்ந்து, 1847இல் மறைந்தவர். தெருவிலே பாடிக்கொண்டு போய், கிடைத்த அரிசியைக் கொண்டு பிழைத்தவர். அவர் பாடியது தெலுங்கிலே. அதற்காக அவர்மீது நமக்கு வருத்தம் இல்லை. தமக்குத் தெரிந்த மொழியிலே, தம் மனத்துக்குப் பிடித்ததைப் பாடினார்; கேட்டால் இனிக்கிறது; இனிப்பை இனிப்பு என்று சொல்ல நமக்கென்ன தயக்கம்?

ஆனால், அந்தச் சமாதியைக் கட்டியது யார்? அரசரா? பணக்கார மிராசுதாரா? பெங்களூர் நாகரத்தினம்மாள்! தேவதாசிக் குலத்திலே பிறந்தவர். பாடிச் சம்பாதித்த காசையெல்லாம் கொண்டுவந்து இங்கே கொட்டினார். இடத்தை வாங்கினார், கட்டடம் எழுப்பினார். எழுப்பிய பிறகு நடந்தது என்ன தெரியுமா? ஆண்டு விழாவிலே பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். கல்லும் சுண்ணாம்பும் அவருடையவை. பாடும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை! அவர் அழுதுகொண்டு போய்விடவில்லை. 1920களின் இறுதியிலே பெண்களைத் திரட்டி, அங்கேயே தனியாக விழா நடத்தினார். 1940 வாக்கிலே பிரிந்து நின்ற குழுக்கள் ஒன்றாயின. பெண்களும் அதே விழாவிலே பாடினார்கள். 1952இல் அவர் மறைந்தார். இன்று அவர் சிலையும் அங்கே இருக்கிறது. சூளைத் தோழர் அந்தச் சிலையின் முன் நெடுநேரம் நின்றார். “இந்த அம்மா கதை விளம்பரத்துலே இல்லையே” என்றார்.

அடுத்தது மொழி. 1946இலே இதே திருவையாற்று விழாவிலே எம்.எம்.தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடினார். மேடையின் தூய்மையே கெட்டுப்போனதாகப் பேச்சு எழுந்தது. தமிழ்நாட்டிலே, காவிரிக் கரையிலே, தமிழன் தமிழிலே பாடினால் மேடைக்குத் தீட்டு! அந்தச் செய்தியைக் கேட்டுக் கொதித்த இளைஞர் மு.கருணாநிதி ‘குடி அரசு’ ஏட்டிலே ‘தீட்டாயிடுத்து’ என்று தலைப்பிட்டு எழுதினார். அதற்கு முன்பே, 1941இலே, நம் மாவட்டத்து அண்ணாமலை நகரிலே தமிழிசை மாநாடு கூடியிருந்தது. 1943இலே சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் பிறந்திருந்தது. தியாகராசருக்கு முன்பே சீர்காழி முத்துத்தாண்டவரும், அருணாசலக் கவிராயரும், மாரிமுத்தாப் பிள்ளையும் தமிழிலே கீர்த்தனை பாடியிருக்கிறார்கள் என்ற உண்மையை, மேடை ஏறிச் சொல்லவேண்டிய காலம் அது. சொன்னார்கள், போராடினார்கள், இன்று தமிழ்ப் பாட்டு இல்லாத கச்சேரி அரிது. தானாக வந்த மாறுதல் அன்று இது.

கல்லிலே எழுதிய சம்பளப் பட்டியல்

மாலையிலே தஞ்சைப் பெரிய கோயில். கோபுரத்தைப் பார்த்து வாய் பிளக்காதவர் யார்? நாங்களும் பிளந்தோம். ஆனால், எங்களை நிறுத்திவைத்தது கோபுரம் அன்று; அடித்தளத்திலே வரி வரியாக ஓடும் எழுத்து. உடன் வந்த தஞ்சைத் தோழர் விளக்கினார்.

அது ஒரு சம்பளப் பட்டியல் தோழர்களே! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, இராசராசன் ஆட்சியிலே எழுதப்பட்டது. தேவாரம் பாட 48 பேர். உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். சூளைத் தோழர் உடனே விரல்விட்டுக் கணக்குப் போட்டார். பன்னிரண்டு குறுணி ஒரு கலம். அப்படியானால் ஆண்டுக்கு 91 கலம்! கூலிக் கணக்கென்றால் உழைப்பாளிக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

இன்னொரு கல்வெட்டு அதைவிட நீளம். ஆடலும் பாடலும் அறிந்த தளிச்சேரிப் பெண்கள் 400 பேர். சோழ நாட்டுக் கோயில் ஊர்களிலிருந்து அவர்களைக் கொண்டுவந்து, கோயிலைச் சுற்றித் தெருக்கள் அமைத்துக் குடிவைத்தார்கள். எந்தத் தெரு, எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் கல்லிலே எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல்.

பட்டியல் அத்தோடு முடியவில்லை. நட்டுவம் செய்வோர், பாடுவோர், குழல் ஊதுவோர், கொட்டு முழக்குவோர் என்று போய், அதே கல்லிலே விளக்கேற்றுவோர், தண்ணீர் தெளிப்போர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் என்று நீள்கிறது. நடுவிலே ஒரு சொல்: ‘குசவர்’. குயவர்கள்!

“நம்ம ஆளுங்களா?” என்று கேட்டார் இளைய தோழர். அவர் முகத்திலே நான் கண்ட மகிழ்ச்சியை எழுத்திலே சொல்ல இயலாது. எல்லோருக்கும் ஒரே அளவு பங்கு கிடையாது; மேலே கீழே என்று வேறுபாடு அன்றும் இருந்தது. ஆனால், ஆடுகிறவளும், பாடுகிறவனும், பானை வனைகிறவனும் ஒரே பட்டியலிலே இருந்தார்கள். இசை நடப்பதற்கு இத்தனை கைகள் வேண்டும் என்று அரசனின் கணக்கனுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய அழைப்பிதழ் அச்சடிப்பவருக்குத்தான் தெரியவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த 400 பெண்களும் விரும்பி வந்தார்களா? கேட்டவர் இல்லை. கலைக்கு மதிப்பு என்று தொடங்கிய ஏற்பாடு, பிற்காலத்திலே பெண்ணைப் பொட்டுக் கட்டிப் பெரிய மனிதர்களின் கையிலே ஒப்படைக்கும் கொடுமையாக முடிந்தது. அந்தக் குலத்திலே துன்பப்பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் அதை எதிர்த்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலே வாதாடினார். 1947இலே சென்னை மாகாணத்திலே அந்த முறையைச் சட்டம் ஒழித்தது. கொடுமை ஒழிந்தது சரி. ஆனால், அந்தக் குடும்பங்களிலே வளர்ந்த ஆட்டமும் பாட்டும் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெருமையாயின. உரிய பெண்களின் பெயர் மெல்ல மறைந்தது. ‘பாரம்பரியம்’ என்று பெருமை பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே பேசவேண்டும். இல்லையென்றால் அது பாதி உண்மை.

அன்றிரவு தஞ்சைத் தோழர் வீட்டு மாடியிலே பாய் விரித்துப் படுத்தோம். கோயிலிலே கேட்ட ஓதுவாரின் தேவாரம் காதிலே நின்றது. கச்சேரியிலே பைரவி என்கிறார்களே, ஓதுவார் அதைக் கௌசிகப் பண் என்கிறார். கேதாரகௌளைக்குக் காந்தாரபஞ்சமம் என்று பெயர். பூபாளத்துக்குப் புறநீர்மை. பெயர் மாறியது; பண் மாறவில்லை.

பண்ருட்டிப் பலா, தஞ்சாவூர் வீணை

ஞாயிறு காலை வீணை செய்யும் பட்டறை. மரத்தூள் வாசனை. ஆசாரி ஒருவர் காலால் மரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு உளியால் குடைந்துகொண்டிருந்தார். “என்ன மரம் அய்யா?” என்று கேட்டோம். “பலா. பண்ருட்டிப் பக்கத்து மரம்” என்றார். பண்ருட்டி நம் மாவட்டம் அல்லவா? தஞ்சாவூர் வீணை என்று உலகம் புகழும் பொருளின் உடம்பு, கடலூர் மாவட்டத்துச் செம்மண்ணிலே வளர்ந்தது!

வீணையிலே கீழே உருண்டு இருக்கும் பகுதிக்குப் பெயர் ‘குடம்’. நீளமான பகுதி தண்டி. நுனியிலே யாளி முகம். ஒரே மரத்திலே முழுவதையும் குடைந்தால் ஏகாந்த வீணை; துண்டு துண்டாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. மெழுகிலே பதித்த 24 பித்தளை மெட்டுகள். ஏழு தந்திகள். 24 மெட்டும் அசையாமல் நிலைபெற்ற இந்த அமைப்பு, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தது என்பார்கள். ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு, மயிரிழை நகர்த்தி நிறுத்தவேண்டும். 2013இலே தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, இந்த ஊர்ப் பொருள் இதுதான் என்று சட்டம் ஒப்புக்கொண்டது.

“குறியீடு வந்தபிறகு கூலி ஏறிற்றா?” என்று கேட்டார் சூளைத் தோழர்.

ஆசாரி உளியைக் கீழே வைத்தார். “குறியீடு வீணைக்குத்தானே வந்தது தம்பி!” என்றார். அவருடைய மகன் வெளியூரிலே கம்பெனி வேலைக்குப் போய்விட்டானாம்.

அடுத்து மிருதங்கம். மரம் அதுவும் பலாவே. வாய் இரண்டும் தோல்: பசு, ஆடு, எருமை. வலப்பக்கம் வட்டமாகக் கறுப்பு. கிட்டக்கல்லைப் பொடியாக்கி, குழைந்த சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பூசித் தேய்த்து, மறுபடி பூசித் தேய்த்து, நாதம் வரும்வரை ஏற்றுகிறார்கள். நம் தொழிலிலே மெருகு பூசுகிற பொறுமைதான் அங்கும். அந்தத் தோலை உரித்து, பதம் செய்து, காய வைத்து, வார் பிடித்தவர்கள் யார்? தாழ்த்தப்பட்டோர்! பாலக்காடு மணி ஐயரின் விரல் பேசியதை ஊர் அறியும். அந்த விரலுக்கு ஏற்ற மிருதங்கத்தைச் செய்துதந்த தஞ்சைப் பர்லாந்தை எத்தனை பேர் அறிவார்கள்? பாடகர் டி.எம்.கிருஷ்ணா இவர்களைத் தேடிப் போய், பர்லாந்தின் தந்தை செபஸ்தியன் வழிவந்த குடும்பத்தையும் மற்றவர்களையும் பற்றி 2020இலே ஆங்கிலத்திலே ஒரு நூல் எழுதினார். அந்த நூலின் வெளியீட்டுக்கு முதலில் அரங்கம் தருவதாகச் சொன்ன கலை நிறுவனம் ஒன்று, பிறகு மறுத்துவிட்டது. வாத்தியத்துக்கு மேடை உண்டு. அதைச் செய்தவன் கதைக்கு மேடை இல்லை!

நாதசுரக்காரர் பட்டது கொஞ்சமா? அவர் இல்லாமல் திருமணம் இல்லை, திருவிழா இல்லை. ஆனால், பெரிய மனிதர் முன்னே தோள் துண்டை எடுத்து இடுப்பிலே கட்டவேண்டும். மைல் கணக்கிலே நின்றும் நடந்தும் ஊதவேண்டும். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை வந்தார். கிராப்பு வைத்தார், சட்டை போட்டார், மேடையிலே சமமாக உட்கார்ந்து வாசித்தார். 1956இலே அவர் மறையும்போது நாதசுரத்தின் நிலையே உயர்ந்திருந்தது. நீளம் கூட்டிச் சுருதி தாழ்த்திய ‘பாரி’ நாதசுரம் பிறந்ததிலே அவருடைய காதும், கும்பகோணத்துக்கு அப்பால் உள்ள நரசிங்கம்பேட்டை ஆசாரி ரங்கநாதனின் கையும் சேர்ந்து வேலை செய்தன. பழைய வீடு இடித்தால் கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி எடுத்து, அந்த ஊரிலே இன்றும் நாதசுரம் கடைகிறார்கள். 2022இலே அதற்கும் புவிசார் குறியீடு வந்தது.

பண்டிதர் போட்ட பந்தி

அரண்மனையைப் பார்த்தோம். மேல வீதியிலே நடந்தோம். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு அண்ணன் தம்பிகள், சரபோசி மன்னர் காலத்திலே நடனக் கச்சேரிக்கு இன்று வரை நிற்கும் வரிசையை வகுத்தவர்கள், இந்த ஊர்க்காரர்கள். அவர்களிலே வடிவேலு, வெள்ளைக்காரன் கொண்டுவந்த பிடிலை நம் பாட்டுக்குப் பழக்கிய முன்னோடி. நட்டுவனார் குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள்.

ஆனால், என் நெஞ்சிலே நின்றவர் ஆபிரகாம் பண்டிதர். 1859இலே நெல்லைச் சீமையிலே பிறந்தவர். ஆசிரியர் வேலை பார்த்தவர். தஞ்சைக்கு வந்து சித்த மருத்துவம் செய்து பொருள் சேர்த்தவர். சேர்த்த பொருளை என்ன செய்தார்? 1912இலே தொடங்கி, இசைவாணர்களையும் புலவர்களையும் தஞ்சைக்கு அழைத்து, தம் செலவிலே தங்கவைத்துச் சோறு போட்டு, அடுத்தடுத்து இசை மாநாடுகள் நடத்தினார். நம் பண்ணின் கணக்கு என்ன, சிலப்பதிகாரம் சொல்லும் பாலை என்ன என்று நாள் முழுதும் வாதம். 1916இலே பரோடா மாநாட்டுக்குப் போய், தம் குடும்பத்துப் பெண்களையே வாசிக்கச் சொல்லித் தம் கருத்தை மெய்ப்பித்துக் காட்டினார். 1917இலே ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்டார். 1919இலே மறைந்தார்.

பார்த்தீர்களா! தஞ்சையிலே தங்கி இசையை ஆராய்வது என்பது இன்றைய ஓட்டல்காரர்கள் கண்டுபிடித்த புதுமையா? நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மருத்துவர் அதைச் செய்தார். இவர்கள் கட்டணம் வாங்குகிறார்கள்; அவர் பந்தி போட்டார்!

திரும்பும் வழியிலே கிடைத்த பொருள்

திரும்பும்போது ரயிலிலே வரவில்லை. கும்பகோணம், செயங்கொண்டம் வழியாகப் பஸ் ஏறினோம். விருத்தாசலத்துக்குக் கொஞ்சம் முன்னே இராசேந்திரப்பட்டினம். நம் தோழர்களுக்கு அது பஸ் நிற்கும் ஓர் ஊர், அவ்வளவுதான். அதன் பழைய பெயர் எருக்கத்தம்புலியூர். அங்கேதான் இறங்கச் சொன்னேன்.

திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர் அது. பாணர் குடி. ஞானசம்பந்தர் பாடப் பாட, அந்தப் பாட்டையெல்லாம் யாழிலே இட்டு வாசித்தவர். அவர் துணைவியார் மதங்கசூளாமணியாரும் உடன் பாடியவர். பெரியபுராணம் அவர் கதையைச் சொல்லும்போது ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறது. திருவாரூர்க் கோயில் வாசலிலே நின்று அவர் வாசித்தாராம். சிவன் மனம் இரங்கி, அவர் உள்ளே வர வடக்கே வேறொரு வாயில் வகுத்துக் கொடுத்தாராம். ஏன் வேறு வாயில்? இருந்த வாயிலிலே ஏன் விடவில்லை? கடவுளே இரங்கினாலும் பாணனுக்குத் தனி வழிதான் என்றால், அந்தச் சாதிக் கட்டு எவ்வளவு பொல்லாதது!

இன்னொரு கதையும் உண்டு. தில்லையிலே பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை இராசராசன் மீட்டானாம். ஏடு கிடைத்தது, பண் தெரியவில்லை. யாரைக் கேட்பது? எருக்கத்தம்புலியூருக்கு வந்து, யாழ்ப்பாணர் வழியிலே பிறந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் அமைத்தார்களாம். கதைதான். ஏடு மீண்டதிலே எத்தனை பங்கு வரலாறு என்று வாதிடுவோர் வாதிடட்டும். ஆனால், கதை கட்டியவர்களுக்கே மறைக்க முடியாத உண்மை ஒன்று இதிலே இருக்கிறது. ஏட்டைப் பூட்டி வைத்தவர்களுக்குப் பண் தெரியவில்லை. பாணர் வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அவள் நம் தாலுகாக்காரி!

சூளைத் தோழர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “ரெண்டு நாள் அலைஞ்சு கடைசியிலே நம்ம ஊருக்கே வந்துட்டோமே அண்ணே!”

ஆம் தோழர்களே! ஆற்றிலே போட்டது ஆற்றிலேயே இருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன? நான்கு சொல்கிறேன். ஒன்று, ஆண்டுக்கு ஒருமுறை மன்றத்தின் சார்பிலே இந்த இரண்டு நாள் பயணம் நடக்கட்டும். வீட்டுப் பெண்களும் வரட்டும். இரண்டு, நம் விழாவுக்கு நாதசுரமும் தவிலும் அழைத்தால், பேசிய கூலியைப் பேசியபடி கொடுங்கள். உட்கார நாற்காலி போடுங்கள். நம்மோடு ஒரே பந்தியிலே சாப்பாடு போடுங்கள். அழைப்பிதழிலே அவர் பெயரை அச்சிடுங்கள். மூன்று, பிள்ளைகளிலே யாருக்குக் காது இருக்கிறது என்று பாருங்கள். கடலூரிலே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதசுரம், தவில், தேவாரம், குரலிசை, வயலின், மிருதங்கம், பரதம் எல்லாம் மூன்றாண்டுப் படிப்பு. நம் வரிப்பணத்திலே நடக்கும் பள்ளி. நம் பிள்ளை போகாவிட்டால் யார் போவது? நான்கு, வாத்தியம் செய்கிறவரையும் மண்பாண்டம் வனைகிறவரையும் அவரவர்க்குரிய கைவினைத் தொழிலாளர் நல வாரியத்திலும், மண்பாண்டத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிவு செய்ய நம் தோழர்கள் துணை நில்லுங்கள். படிவம் நிரப்பத் தெரியாத ஒரே காரணத்தால் உரிமையை இழந்தவர் எத்தனையோ பேர்.

மறுநாள் திங்கள். காலை வேலைக்குப் போன சூளைத் தோழர், இறக்கிய சாமானை வழக்கம்போல் தட்டிப் பார்த்தாராம். கணீர் என்றதாம். பக்கத்திலே நின்றவரிடம் சொன்னாராம்: “கேட்டியா? இது சுருதி.”